பையன் பட்டாம்பூச்சிக் கத்தி கேட்கிறான், வாங்கித் தரலாமா?

கரூர்_காசாளர்

எல்லோருக்கும் வணக்கம். என் பையன் பதினொன்றாம் வகுப்பு. கையில் எதையாவது சுழற்றிக்கொண்டே இருப்பான். பேனா, ஸ்கேல், வண்டிச் சாவி என்று எது கிடைத்தாலும் சரி. இப்போது பிறந்த நாளுக்குப் பட்டாம்பூச்சிக் கத்தி வேண்டும் என்கிறான். மேலே பட்டாம்பூச்சிப் படம் போட்ட பேனாக்கத்தி போலிருக்கிறது என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். மறுநாள் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு பையன் கத்தியைக் காற்றில் வீசி, விரலிடுக்கில் உருட்டி, படபடவென்று திறந்து மூடுகிறான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவன் அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"அப்பா, வெட்டாத மாடலும் இருக்கு, டிரெய்னர்னு பேரு" என்கிறான். நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லை என்னை மடக்கப் பார்க்கிறானா? இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் தொந்தரவு வருமா? எனக்கு அரிவாள்மணையைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மண்ணச்சநல்லூர்

ஒரு கேரம் போர்டு வாங்கிக் கொடுங்கள் சார். நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், விரலும் மிஞ்சும்.

தாவாவோ_ரிட்டர்ன்

அண்ணா, பையன் உங்களை மடக்கவில்லை. டிரெய்னர் நிஜமாகவே உண்டு, எனக்குக் கேட்டால் அதை மட்டும்தான் வாங்க வேண்டும். நான் பிலிப்பைன்ஸில் தாவாவோ நகரத்தில் மருத்துவம் படித்தவன். 2013-லிருந்து 2019 வரை அங்கே இருந்தேன். இந்தக் கத்தி பிறந்த ஊருக்கே போய் வந்திருக்கிறேன். என் வலது ஆள்காட்டி விரலில் இதனால் வாங்கிய நாலு தையல் வேறு இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே இதன் பெயர் பாலிசொங். நான் முதலில் பார்த்தது வித்தை காட்டுகிறவன் கையில் இல்லை, நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா கையில். தீத்தா என்று கூப்பிடுவோம். நம் ஊரில் அத்தை, சித்தி என்று கூப்பிடுகிற மாதிரி. தாவாவோ பம்பளிமாசுக்குப் பேர்போன ஊர். தீத்தா இடது கையில் பழத்தை வைத்துக்கொண்டு, வலது கையால் பாவாடைப் பையிலிருந்து ஒரு பித்தளைக் கட்டையை எடுப்பார். மணிக்கட்டை ஒரு சொடுக்கு, டக் டக் என்று இரண்டு சத்தம், கத்தி திறந்திருக்கும். தோலில் நாலு கீறல் போட்டு உரித்துவிட்டு, இன்னொரு சொடுக்கில் மூடிப் பைக்குள் போட்டுவிடுவார். பார்க்கக்கூட மாட்டார், பேசிக்கொண்டே செய்வார். அது அவர் கணவருடைய கத்தி. அவர் பத்தாங்காஸ் மாகாணத்துக்காரர்.

இந்தக் கத்தியின் அமைப்பே அதற்காகத்தான். ஒரு கையில் பழமோ கயிறோ இருக்கும்போது இன்னொரு கையால் திறக்க வேண்டும், மூடினால் கூர் வெளியே தெரியக் கூடாது. பட்டன் கத்தி மாதிரி உள்ளே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. ஒரு அலகு, அதன் அடியில் இரண்டு அச்சாணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பிடி. இரண்டு பிடிகளும் எதிரெதிர்ப் பக்கம் சுற்றும். மூடும்போது இரண்டும் வந்து அலகை நடுவில் வைத்து மூடிக்கொள்ளும், ஏலக்காய்த் தோல் விதையை மூடுகிற மாதிரி. திறக்கும்போது இரண்டும் பின்னால் போய் ஒன்றுசேர்ந்து ஒரே பிடியாகும். பிடியின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், லாட்ச் என்பார்கள். பிடிகள் பிரிந்துவிடாமல் பூட்ட அது. பாதி திறந்த நிலையில் இரண்டு பிடியும் சிறகு மாதிரி விரிந்து நிற்பதால்தான் பட்டாம்பூச்சிப் பெயர்.

எங்கள் அறையில் அப்போது நாலு பேர், மூன்று பேர் தமிழ்ப் பையன்கள். 2014-ல் கவுன்டர் ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் இந்தக் கத்தி வந்தது. அதுவரை தீத்தாவின் கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள், அதற்குப் பிறகு அவர் பழம் உரிக்க உட்கார்ந்தால் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். நான் ஒரு படி மேலே போய், சந்தையில் தரையில் துணி விரித்து விற்றவரிடம் கூரான கத்தியையே வாங்கிவிட்டேன். டிரெய்னர் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. மூன்றாம் நாள் ராத்திரி, பிடியை மாற்றிப் பிடித்துச் சொடுக்கியதில் அலகு நேராக ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் வந்து இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. பனியனில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நள்ளிரவில் டிரைசிக்கிள் பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனேன். பணியில் இருந்த மருத்துவர் தைத்துக்கொண்டே, "பாலிசொங்தானே?" என்று கேட்டார். நான் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இன்றைக்கு அதே மாதிரி விரல்களை நான் தைக்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். உள்ளங்கைப் பக்கம் விரலில் தோலுக்குக் கீழே சதை மிகக் கம்மி. விரலை மடக்குகிற தசைநாண் அப்படியே அடியில் ஓடுகிறது, இரண்டு ஓரத்திலும் உணர்வு நரம்பு போகிறது. தோல் மட்டும் கிழிந்தால் நாலு தையலோடு போச்சு. நாண் அறுந்தால் அறுவை சிகிச்சை, கட்டு, விரல் பயிற்சி என்று கிட்டத்தட்ட மூன்று மாதம் அந்தக் கையால் பளு தூக்க முடியாது. நரம்பு போனால் விரல் நுனி மரத்துப்போகும். பதினொன்றாம் வகுப்புப் பையனுக்குப் பரீட்சை எழுதுகிற கை அது.

சரி, ஏன் பிடியை மாற்றிப் பிடித்தால் வெட்டுகிறது? ஒரு புதுப் பையன் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். என்னைக் கேட்டால் பாதிப் பாடம் இதிலேயே முடிந்துவிடும். இரண்டு பிடிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றல்ல. மூடியிருக்கும்போது அலகின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், ஒரு பிடியின் பக்கம் உட்காரும், வெட்டாத முதுகு மற்றதன் பக்கம் உட்காரும். முதுகு உட்காருகிற பிடிக்கு சேஃப் ஹேண்டில் என்று பெயர். வாய் உட்காருகிற பிடி பைட் ஹேண்டில், அதாவது கடிக்கிற பிடி. நீங்கள் சேஃப் ஹேண்டிலைப் பிடித்துச் சுழற்றும்போது கணக்குத் தவறினால் அலகின் முதுகு விரலில் அடிக்கும். "ஸ்ஸ்" என்று கையை உதறிவிட்டு மறுபடி தொடங்கலாம். கடிக்கிற பிடியைப் பிடித்திருந்தால் அதே தவறுக்கு வாய் வந்து இறங்கும். நிறையக் கத்திகளில் லாட்ச் கடிக்கிற பிடியில்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. ஆகவே லாட்சை நம்பாமல் மெதுவாக மூடிப் பார்த்து, வாய் எந்தப் பக்கம் போய் உட்காருகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோவில் எல்லோரும் அலகைத்தான் பார்க்கிறார்கள். சுழற்றுகிறவன் கவனம் பிடியில் இருக்க வேண்டும்.

தைத்த விரல் ஆறின பிறகு ஊரில் இருந்து வந்த டிரெய்னரில்தான் கற்றுக்கொண்டேன். அலகுக்குப் பதிலாக ஓட்டை போட்ட மழுங்கல் தகடு இருக்கும், நுனி உருண்டையாக இருக்கும். எடையும் அச்சும் நிஜக் கத்தி மாதிரியே. உலோகத்திலும் உண்டு, பிளாஸ்டிக்கிலும் உண்டு. அமெரிக்காவில் ஸ்க்விட் இண்டஸ்ட்ரீஸ் மாதிரி நிறுவனங்கள் டிரெய்னரையே பெரிய தொழிலாகச் செய்கின்றன. சுழற்றுவதில் கெட்டிக்காரர்கள் பலர் கூரான கத்தியைத் தொடுவதே இல்லை. தம்பிக்கு முதலில் பிளாஸ்டிக் போதும். உலோக டிரெய்னர் வெட்டாதே தவிர, விரல் முட்டியில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

முதல் பாடமாகத் திறப்பதை மட்டும் சொல்கிறேன். லாட்சை எடுத்துவிட்டு சேஃப் ஹேண்டிலைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளணும். இறுக்கக் கூடாது, சாவிக்கொத்தைப் பிடிக்கிற மாதிரி போதும். மணிக்கட்டைச் சொடுக்கினால் கடிக்கிற பிடி அலகை விட்டுப் பிரிந்து, பின்னாலேயே அலகும் புறங்கைப் பக்கம் போய் விழும். இப்போது கட்டைவிரலைக் கொஞ்சம் தளர்த்தி, கையில் இருக்கிற பிடியை விரல்களுக்குள்ளேயே அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். அந்த அரைச் சுற்றுதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். திருப்பிய பிறகு எதிர்ப்பக்கம் இன்னொரு சொடுக்கு, தொங்குகிற பிடி தானாக வந்து உள்ளங்கையில் சேரும். தீத்தா வீட்டில் நான் கேட்ட டக் டக் அதுதான். மூடுவது அப்படியே தலைகீழ். ஒரு வாரம் மெதுவாக, எண்ணி எண்ணிச் செய்தால் வந்துவிடும். அதற்கு மேலே இருக்கிற சாப்ளின், ரோல்ஓவர் என்கிற வித்தைகள், காற்றில் எறிந்து பிடிக்கிறது எல்லாம் அவனே கண்டுபிடித்துக்கொள்வான், அதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டில் மேல் கையை நீட்டிச் செய்யச் சொல்லுங்கள். விழுந்தால் மெத்தையில் விழட்டும். விழுகிறதைப் பிடிக்கப் பாயக் கூடாது, இது மட்டும் ரத்தத்தில் ஊறணும். கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இருக்கிற தோல் கொப்புளம் போட்டுவிடும்.

இந்தக் கத்தி பிறந்த ஊரான, பத்தாங்காஸில் இருக்கிற தாலுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017 செமஸ்டர் விடுமுறையில் மணிலா போய், அங்கே புவென்டியாவிலிருந்து லெமெரி போகிற பேருந்து ஏறினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தாலும் லெமெரியும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற ஊர்கள். தாலில் ஒரு மாபெரும் தேவாலயம் உண்டு, ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கிருந்து ஜீப்னி, அதாவது அந்த ஊர் ஷேர் ஜீப், பிடித்தால் பாலிசொங் என்ற பெயரிலேயே ஒரு பாரங்காய் இருக்கிறது. பாரங்காய் என்றால் நம் பஞ்சாயத்து மாதிரி. சாலையோரக் கடைகளில் கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே வேர்க்கடலைப் பர்பி விற்பார்கள். அந்தப் பர்பி நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு அண்ணன் தம்பி.

ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அலகுக்கு எஃகு எங்கிருந்து என்று கேட்டேன். மூலையைக் காட்டினார். துருப்பிடித்த ஜீப்னி ஸ்பிரிங் பட்டைகளும் பழைய பேரிங் வளையங்களும் குவிந்து கிடந்தன. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டையைத் தட்டுகிற கதைதான். பிடி பித்தளைச் சட்டம், அதற்குள் எருமைக் கொம்புத் துண்டுகளை வைத்துத் தேய்க்கிறார்கள். அச்சாணிக்குத் திருகு கிடையாது, ஆணியைச் செருகித் தலையைத் தட்டிப் பரப்பிவிடுகிறார்கள். கடைசியில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மூடின கத்தியைக் காதருகே வைத்து ஆட்டிக் கேட்டார். லேசாகச் சலசலத்தது. ஆணித் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. மறுபடி ஆட்டினார். சத்தம் நின்றுவிட்டது, பிடியும் தளர்வாகச் சுற்றியது. எனக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பெயருக்கு அவர் சொன்ன விளக்கம், பாலி என்றால் உடைந்தது, சுங்காய் என்றால் கொம்பு, இரண்டும் சேர்ந்து பாலிசொங் ஆயிற்று என்பது. இன்னொரு செல்லப் பெயரும் உண்டு, பெந்தெ நுவெபெ, அதாவது இருபத்தொன்பது. திறந்தால் நீளம் 29 சென்டிமீட்டர் என்பதால் அந்தப் பெயர் என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. ஒரே ஆள் இந்தக் கத்தியோடு 29 பேரைச் சமாளித்தான், அதனால்தான் என்றார். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் சென்டிமீட்டர் கட்சி.

அமெரிக்காவில் இதைப் பரப்பியதில் பெரிய பங்கு 1979-ல் பாலி-சாங் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கிய லெஸ் டி ஆசிஸ் என்பவருக்கு. அந்த நிறுவனம்தான் பின்னாளில் பெஞ்ச்மேட் ஆனது. அதன் முத்திரையில் இன்றைக்கும் பட்டாம்பூச்சி உண்டு.

இனி சட்டம். பிலிப்பைன்ஸிலேயே வேலைக் காரணம் இல்லாமல் வெளியே கத்தி எடுத்துப் போகக் கூடாது என்று 1978-லிருந்து சட்டம் உண்டு, தாலில் வாங்கினவர்கள் காகிதம் சுற்றி வீட்டுக்குத்தான் கொண்டு போகணும். நம் நாட்டில் 2016 ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகு ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பாலிசொங் அலகு அந்த அளவுக்குள்தான் இருக்கும். அதற்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. போலீஸ்காரர் ஸ்கேல் எடுத்து அளந்து பார்த்துப் பேசமாட்டார். டிரெய்னரும் வீட்டோடு இருக்கட்டும். பள்ளிக்கூடப் பைக்குள் போனால் மழுங்கலா கூரா என்று ஹெட்மாஸ்டர் விசாரிக்கப் போவதில்லை.

நான் திரும்பி வரும்போது என் இரண்டு கத்திகளையும் தீத்தாவிடமே விட்டுவிட்டேன். 2020 ஜனவரியில் தால் எரிமலை வெடித்தபோது அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் சாம்பல் மூடிக் கிடந்த படங்களைப் பார்த்தேன். அந்தப் பட்டறை ஞாபகம்தான் வந்தது.

ஈஸ்ட்ஹாம்_வாசி

டாக்டர் தம்பி எழுதினதை ஆசையாய் வாசித்தேன். லண்டனில் இருக்கிற ஆட்களுக்காக ஒரு குறிப்பு. இங்கே நிலைமை வேறு. பட்டாம்பூச்சிக் கத்தி 1988-லேயே தடைப் பட்டியலில் வந்துவிட்டது. விற்க, இறக்குமதி செய்ய, ஏன், சும்மா கொடுக்கக்கூடச் சட்டம் விடாது. வீட்டு லாச்சிக்குள் வைத்திருக்கலாம் என்ற நிலைமை கனகாலம் இருந்தது. 2019-ல் கொண்டுவந்த சட்டம் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் அதுவும் போச்சு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் என்றால் மட்டும் விலக்கு.

என்னோடு வேலை செய்த பிலிப்பினோ நர்ஸ் ஒருவர் ஓய்வு பெறும்போது எனக்கு ஒன்று தந்தார். கொம்புப் பிடி, நல்ல வேலைப்பாடு. கொடுப்பதே குற்றம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சட்டம் மாறுவதற்கு முதல், 2020 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதம், பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சந்தர்ப்பம் தந்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெடியன் அதை உறைக்குள் போட முதல் ஒருதரம் திறந்து பார்க்க ஆசைப்பட்டது முகத்தில் தெரிந்தது. பார்க்கவில்லை, பாவம்.

கனடாவில் இருக்கிற மச்சான்மாருக்கும் இதேதான். கையைச் சுழற்றினால் திறக்கிற கத்தி அங்கே தடை. ஊரில் இருந்து வருகிறவர்கள் பெட்டிக்குள் அன்பளிப்பாய்க் கொண்டுவர வேண்டாம்.

கணபதி_லேத்

டாக்டர் விரலைப் பார்த்துச் சொல்லிட்டாருங்க, நான் ஆணியைப் பார்த்துச் சொல்றேன். கோயமுத்தூர்ல சின்ன லேத் பட்டறை வச்சிருக்கேன். அக்கா பையன் போன தீபாவளிக்கு ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்குள்ள ஒரு இரும்பு டிரெய்னர் வாங்கினான். எந்தக் கடைன்னு சொல்ல வேண்டாம். பத்தாம் நாள் பட்டறைக்குக் கொண்டாந்துட்டான், பிடி ரெண்டும் ஆட்டம் கண்டுபோச்சுன்னு.

கழற்றிப் பார்த்தா, பிடி ஜிங்க் வார்ப்பு. அலகுல ஓட்டை பெரிசு, ஆணி சின்னது, நடுவுல வாஷரே இல்லைங்க. உலோகத்தோட உலோகம் நேரா உரசிக் கறுப்பா மாவு கொட்டுது. அதுக்கு மருமகன் என்ன பண்ணியிருக்கான், தேங்காயெண்ணெய் ஊத்தியிருக்கான். அது தூசியோட சேர்ந்து பசை ஆயிருச்சு. பித்தளையில ரெண்டு மெல்லிசு வாஷர் வெட்டிப் போட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். இப்ப நல்லாச் சுத்துது.

நல்ல டிரெய்னர்ல ஆணிக்கு மேல ஒரு புஷ், அதாவது சின்னக் குழாய் மாதிரி ஒண்ணு, இருக்கும். அலகோட கனத்தைவிட அந்த புஷ் ஒரு மயிரிழை அதிகமா இருக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம். திருகை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தம் புஷ் மேல உக்காரும், அலகு அதுபாட்டுக்குச் சுத்தும். புஷ் இல்லாத மாடல்ல திருகை முறுக்கினாப் பிடி இறுகிடும், தளர்த்தினா ஆடும். ரெண்டுக்கும் நடுவுல இடம் கண்டுபிடிக்கிறது நம்ம வேலை.

சுத்தச் சுத்தத் திருகு தானா கழலும். அதுக்கு நீலக் கலர் லாக்டைட்னு திருகுப் பசை ஒரு துளி. சிவப்பு வேண்டாங்க, அப்புறம் சூடு காட்டித்தான் கழற்ற முடியும். பிளாஸ்டிக் பிடின்னா அந்தப் பசை பிளாஸ்டிக் மேல படாமப் பார்த்துக்கணும், சில பிளாஸ்டிக் வெடிச்சிரும். திருகு நட்சத்திர மூக்கு, டார்க்ஸ்னு கேளுங்க, ஹார்டுவேர் கடையில கிடைக்கும். அளவு பார்த்து வாங்குங்க. சரியில்லாத மூக்கை வச்சுத் திருகுத் தலையை வழிச்சுட்டா என்கிட்டதான் வரணும்.

வாங்குறப்ப ரெண்டு பிடியையும் சேர்த்துப் பிடிச்சு அலகைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. அப்புறம் திறந்து வச்சு ரெண்டு பிடியும் ஒண்ணுக்கொண்ணு சமமா நிக்குதான்னு வெளிச்சத்துல பாருங்க. கோணலா நின்னாத் திருப்பி அனுப்பிருங்க.

கரூர்_காசாளர்

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் தம்பி எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். தையல் போட்ட இடம் வந்ததும் இவன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பம்பளிமாசு உரிக்கிற அம்மா கதைக்காகத் திரும்பி வந்தாள். பிளாஸ்டிக் டிரெய்னர் மட்டும், வீட்டுக்குள் மட்டும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூடாது என்று மூன்று கண்டிஷனோடு அனுமதி கிடைத்தது.

நேற்று வந்துவிட்டது. ஆரஞ்சு கலர், பார்த்தால் குழந்தைகள் சாமான் மாதிரி இருக்கிறது. லேத் அண்ணன் சொன்னபடி ஆட்டிப் பார்த்தேன், லேசான ஆட்டம்தான். பிடிகள் நேராக நிற்கின்றன.

ஒரு சிக்கல். இதில் அலகு இரண்டு ஓரமும் ஒரே மாதிரி உருண்டையாக இருக்கிறது. வாய் எது, முதுகு எது? சேஃப் ஹேண்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது? பையன் "எதுவா இருந்தா என்னப்பா, வெட்டாதுல்ல" என்கிறான்.

தாவாவோ_ரிட்டர்ன்

நல்ல கேள்வி அண்ணா. தம்பியிடம் சொல்லுங்கள், வெட்டாது என்பதால்தான் பழக்கத்தை இப்போதே சரியாக வைக்கணும். கடிக்கிற பிடியைப் பிடித்தே ஆறு மாதம் பழகிவிட்டால் கை அதையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

முதலில் அலகை உற்றுப் பாருங்கள். பல டிரெய்னர்களில் ஒரு ஓரம் நேர்க்கோடாகவும் மற்றது லேசாக வளைந்தும் இருக்கும். வளைந்தது வாய். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் நீங்களே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். லாட்ச் இருக்கிற பிடியைக் கடிக்கிற பிடி என்று வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் கடையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் வாங்கி அந்தப் பிடியில் இரண்டு சுற்று, மூடியிருக்கும்போது அந்தப் பக்கம் உட்காருகிற அலகின் ஓரத்துக்கு மார்க்கரில் ஒரு சிவப்புக் கோடு. சிவப்பு கைக்குள் இருந்தால் தப்பு, சிவப்புக் கோடு விரலைத் தொட்டால் வெட்டு என்று கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை வெட்டு என்று ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். எனக்கு முதல் நாள் நாற்பதுக்கு மேல் வந்தது.

டேப்பை அச்சாணிக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், பிடி நடுவில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் மடங்கும்போது மாட்டிக்கொள்ளும்.

கரூர்_காசாளர்

டேப் ஒட்டியாச்சு. முதல் நாள் அறுபத்திரண்டு வெட்டு, இரண்டாம் நாள் நாற்பத்தேழு. அரைச் சுற்றில்தான் மாட்டுகிறான், நீங்கள் சொன்ன அதே இடம்.

அவன் பள்ளிக்கூடம் போன பிறகு நானும் கட்டிலில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். எனக்கு எத்தனை வெட்டு என்று இங்கே எழுதப் போவதில்லை. கீழ்வீட்டு ஓனர் மட்டும் "மேலே என்னங்க டக் டக்னு சத்தம்?" என்று கேட்டார். பையன் பிராக்டிக்கல் பண்றான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மண்ணச்சநல்லூர்

கேரம் போர்டு என்றால் சத்தம் இதைவிட அதிகம் சார். நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.